நினைவு நாணயச் செட் வாங்குமுன் அதன் விலையைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

இந்திய அரசின் நினைவு நாணயச் செட் ஒன்றை முதன்முறையாக வாங்கப் போகிறவரை அதன் அழகைவிட அதன் விலைதான் அதிகம் திகைக்க வைக்கும். ஒரே நிகழ்வுக்காக ஒரே ஆண்டில் வெளியான இரண்டு பெட்டிகள் மேசைமேல் இருக்கும். ஒன்றுக்கு 4,000 ரூபாய், மற்றொன்றுக்கு 9,000 ரூபாய் என்று வியாபாரி சொல்லுவார். காரணம் கேட்டால், "இது ரேர் பீஸ் சார்" என்ற பதிலுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. அந்த 5,000 ரூபாய் வித்தியாசம் எதற்காக என்பதை வாங்குபவர் தாமே கணக்கிட்டுப் பார்க்க முடியும். முதலில் உலோகத்தின் மதிப்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சும் தொகையில் நாணயச்சாலை வைத்த விலை எவ்வளவு, தயாரிப்பு வகைக்கு எவ்வளவு, நிலைக்கும் பெட்டிக்கும் எவ்வளவு, ஆர்வலர்களின் போட்டிக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். அப்படிக் கழித்தபின்னும் விளக்கமில்லாமல் நிற்கும் தொகை வெறும் பேச்சுக்கான விலை. பேரம் பேச வேண்டிய இடமும் அதுவே.

உலோகத்திலிருந்து தொடங்குங்கள்

கடந்த சில பத்தாண்டுகளில் வெளியான 100 ரூபாய் நினைவு நாணயங்களில் பெரும்பாலானவை 35 கிராம் எடையும் 44 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டவை. வெள்ளி 50 விழுக்காடு, செம்பு 40 விழுக்காடு, நிக்கல் 5 விழுக்காடு, துத்தநாகம் 5 விழுக்காடு என்ற நான்கு உலோகக் கலவையில் அவை அச்சாகின்றன. ஆகவே அத்தகைய ஒரு நாணயத்தில் இருக்கும் வெள்ளி 17.5 கிராம் மட்டுமே. வெள்ளி கிராம் 150 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் அதன் உலோக மதிப்பு 2,625 ரூபாய். வாங்கும் நாளின் வெள்ளி விலையை நாளிதழில் பார்த்து, 17.5 ஆல் பெருக்கி, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செட்டின் விலைக்கு அதுவே தரைமட்டம்.

இங்கே புதியவர்களை ஏமாற்றுவது நாணயத்தின்மேல் பொறித்த முகமதிப்பு. 75 ரூபாய், 150 ரூபாய், 350 ரூபாய், 550 ரூபாய் என்று எண் ஏற ஏற நாணயமும் விலையேறியதாக இருக்கும் என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்த எண் பெரும்பாலும் கொண்டாடப்படும் ஆண்டு நிறைவைப் பின்பற்றி வைக்கப்படுவது. ரிசர்வ் வங்கியின் 75 ஆண்டு நிறைவுக்கு 75 ரூபாயும், தாகூரின் 150ஆவது பிறந்த ஆண்டுக்கு 150 ரூபாயும், குரு கோவிந்த் சிங்கின் 350ஆவது ஆண்டுக்கு 350 ரூபாயும், குரு நானக்கின் 550ஆவது ஆண்டுக்கு 550 ரூபாயும் வெளியிடப்பட்டன. தராசில் வைத்தால் இவை எல்லாம் அதே 35 கிராம்தான், உள்ளே இருப்பதும் அதே பாதி வெள்ளிதான். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வெளியான 1,000 ரூபாய் நாணயம் இந்த வழக்கத்துக்கு விலக்கு. அது 80 விழுக்காடு வெள்ளியும் 20 விழுக்காடு செம்பும் சேர்ந்தது என்பதால், அதே 35 கிராமில் 28 கிராம் வெள்ளி இருக்கிறது. அதன் விலை மற்றவற்றைவிடக் கூடுதலாக இருப்பதில் ஒரு பகுதியை இந்த 10.5 கிராம் வேறுபாடே விளக்கிவிடுகிறது. அண்மைக் காலத்தில் 40 கிராம் சுத்த வெள்ளியில் வரும் வெளியீடுகளும் உள்ளன. எனவே எந்தச் செட்டானாலும் அதன் உலோகக் கலவையை அரசிதழ் அறிவிப்பிலோ உடன் வரும் குறிப்பேட்டிலோ பார்த்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

பழைய செட்களில் இந்தக் கணக்கு இன்னும் சுவையானது. காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் வெளியான 10 ரூபாய் நாணயம் 15 கிராம் எடையில் 80 விழுக்காடு வெள்ளி கொண்டது, அதாவது 12 கிராம் வெள்ளி. விடுதலையின் வெள்ளிவிழாவுக்காக 1972இல் வந்த 10 ரூபாய் நாணயம் 22.5 கிராம் எடையுடன் கையில் கனமாக இருந்தாலும், வெள்ளி 50 விழுக்காடே என்பதால் அதில் இருப்பது 11.25 கிராம்தான். 1974இல் குடும்ப நலத்தைக் கருப்பொருளாகக் கொண்ட வெளியீட்டில் 10 ரூபாய் நாணயம் செம்பு நிக்கலுக்கு மாறிவிட, வெள்ளி 50 ரூபாய் நாணயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆக, 1974 முதல் வந்த எழுபதுகளின் செட் ஒன்றில் 50 ரூபாய் நாணயம் இருக்கிறதா, 10 ரூபாயோடு நின்றுவிடுகிறதா என்பது வெறும் எண்ணிக்கை வித்தியாசம் அல்ல. வெள்ளி இருக்கும் செட்டுக்கும் வெள்ளியே இல்லாத செட்டுக்கும் உள்ள வித்தியாசம். இதைச் சொல்லாமல் "1974 செட்" என்று மட்டும் எழுதி விற்பவர்கள் உண்டு.

காந்தி நாணயத்தைப் பற்றி இன்னொன்று. அதில் பொறித்திருக்கும் ஆண்டுகள் 1869–1948; அவை காந்தியின் வாழ்நாளைக் குறிப்பவை, நாணயம் அச்சான ஆண்டு 1969. இதை "1948ஆம் ஆண்டு நாணயம்" என்று விலையேற்றிச் சொல்பவரிடம் அந்தச் செட்டை மட்டுமல்ல, வேறு எதையும் வாங்கத் தயங்குவதே நல்லது.

ப்ரூஃப், யுஎன்சி: ஒரே நாணயம், இரண்டு தயாரிப்பு

உலோகத்தைக் கழித்தபின் விலையை அதிகம் பிரிப்பது தயாரிப்பு வகை. ப்ரூஃப் நாணயத்துக்கு, அடிக்கப்போகும் உலோக வில்லையையும் அச்சையும் தனியே மெருகேற்றி, அதிக அழுத்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிக்கிறார்கள். அதனால் உருவமோ எழுத்தோ இல்லாத வெறும் பரப்பு கண்ணாடிபோல் பளபளக்க, உருவமும் எழுத்தும் வெண்மையாக மங்கி எழுந்து நிற்கும். யுஎன்சி என்பது புழக்கத்துக்கு விடப்படாத நாணயம். வழக்கமான முறையில் அச்சிட்டுக் கவனமாகப் பெட்டியில் அடைத்தது. இரண்டிலும் வெள்ளி ஒன்றே, எடையும் ஒன்றே. ஆனால் நாணயச்சாலை விற்கும்போதே ப்ரூஃபுக்குக் கூடுதல் விலை வைக்கிறது. பிறகு சந்தையில் அந்த இடைவெளி விரியலாம், சுருங்கவும் செய்யலாம். பலரும் ப்ரூஃபையே வாங்கிக் குவித்த ஒரு வெளியீட்டில் யுஎன்சி அரிதாகிப் போவதும் நடக்கும். எனவே "ப்ரூஃப் என்றால் விலை அதிகம்" என்பதை விதியாக எடுத்துக்கொள்ளாமல், அந்தந்த வெளியீட்டின் இரு வகை விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெட்டியில் "ப்ரூஃப்" என்று எழுதியிருப்பதாலேயே உள்ளே இருப்பது ப்ரூஃப் ஆகிவிடாது. யுஎன்சி நாணயத்தை ப்ரூஃப் பெட்டியில் மாற்றி வைத்து விற்பது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். அதைக் கண்டுபிடிக்க நாணயச்சாலைக் குறி உதவும். மும்பை நாணயச்சாலையின் சாதாரண நாணயங்களில் ஆண்டுக்கு அருகே சாய்சதுரக் குறி இருக்கும். அச்சாலையின் ப்ரூஃப் நாணயங்களில் அந்த இடத்தில் முன்பு 'பி' என்ற ரோமன் எழுத்தையும் பிற்காலத்தில் 'எம்' என்ற எழுத்தையும் காணலாம். மும்பை ப்ரூஃப் பெட்டிக்குள் சாய்சதுரக் குறி தெரிந்தால் கேள்வி கேளுங்கள். ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா எந்தக் குறியும் இடுவதில்லை. கொல்கத்தா செட்டுக்கு இந்த உபாயம் உதவாது என்பதால் வேறொன்று செய்யலாம்: அச்சிட்ட தாள் ஒன்றை நாணயத்தின் வெறும் பரப்புக்கு எதிரே சில அங்குலத் தொலைவில் சாய்த்துப் பிடித்தால், ப்ரூஃபில் அந்த எழுத்துகள் தலைகீழாக ஆனாலும் தெளிவாகப் பிரதிபலிக்கும், யுஎன்சியில் வெறும் வெளிச்சம் மட்டுமே அலையும்.

செட்டைச் சுமக்கும் நாணயம் எது?

செட்டின் விலையை அதிலுள்ள எல்லா நாணயங்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. பெரும்பாலும் ஒரே ஒரு நாணயம்தான் முழு விலையையும் தாங்குகிறது, மற்றவை உடன் வருகின்றன. ரிசர்வ் வங்கியின் 2010 செட்டில் 75, 10, 5, 2, 1 ரூபாய் என ஐந்து நாணயங்கள். வெள்ளி இருப்பது 75 ரூபாயில் மட்டும். காமராஜர், அண்ணா, எம்.ஜி.ஆர். செட்களில் 100 ரூபாயும் 5 ரூபாயும், எம்.எஸ். சுப்புலட்சுமி செட்டில் 100 ரூபாயும் 10 ரூபாயும். இவற்றில் காமராஜர், அண்ணா 5 ரூபாய் நாணயங்கள் புழக்கத்துக்கும் வந்தவை. கடைச் சில்லறையில் நம் கைக்கே கிடைத்தவை. ஆகவே "இரண்டு நாணயச் செட்" என்பதற்காகவும் "ஐந்து நாணயச் செட்" என்பதற்காகவும் விலையை மேலே நகர்த்த விடாதீர்கள். வெள்ளி நாணயம் தனியாக என்ன விலைக்குப் போகிறது, செட்டாக என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டையும் கேளுங்கள்; வித்தியாசம் சிறியதாக இருந்தால் மற்ற நாணயங்கள் கிட்டத்தட்ட இலவசமாக வருகின்றன, பெரியதாக இருந்தால் அதற்குக் காரணம் கேட்க வேண்டும்.

இந்தத் தர்க்கத்தின் உச்சத்தை அமெரிக்காவில் பார்க்கலாம். அந்நாட்டு நாணயச்சாலை 1995இல் தன் 'ஈகிள்' என்ற தங்க, வெள்ளி நாணய வரிசையின் பத்தாம் ஆண்டு நிறைவுக்காக, நான்கு தங்க நாணயங்களுடன் தன் வெஸ்ட் பாயின்ட் கிளையில் அச்சான ஒரு வெள்ளி டாலரையும் சேர்த்து 999 டாலருக்கு ஒரு ப்ரூஃப் செட் விற்றது. அந்த வெள்ளி டாலர் வேறு எந்த வழியிலும் கிடைக்காது. வெள்ளி சேர்ப்பவர்களில் பலர், வேண்டாத தங்கத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட மனமில்லாமல் விட்டுவிட்டார்கள்; மொத்தம் விற்றது 30,125 செட். இன்று அந்த ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயம் தனியாகவே ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகிறது. தங்கத்துக்கு உடன்வந்ததுபோல் வெளியான நாணயம்தான் பிறகு அந்த வரிசையையே ஆளும் நாணயம் ஆனது.

எத்தனை செட் அச்சாயிற்று என்ற கேள்வி நம் நாட்டில் சற்றுச் சிக்கலானது. 2006இல் உருவான இந்தியப் பாதுகாப்பு அச்சகம் மற்றும் நாணயக் கழகத்தின்கீழ் இயங்கும் நாணயச்சாலைகள் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பதிவுக் காலம் ஒன்றை அறிவித்து, பதிவாகும் தேவையைப் பொறுத்து அச்சிடுவது பொதுவான வழக்கம். அதனால் அரிது, அரிதல்ல என்பதைப் பெரிதும் முடிவு செய்வது பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை. யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத ஒரு நிறுவனத்தின் பொன்விழா செட்டுக்குப் பதிவே குறைவாக இருக்கும். பத்து ஆண்டுகள் கழித்து வரிசையை முழுமையாக்க நினைப்பவர் அதைத் தேடி அலைவார். மக்கள் கொண்டாடும் தலைவரின் செட்டையோ ஆயிரக்கணக்கானோர் வாங்கி வைத்திருப்பார்கள். புகழ் வேறு, அரிதாக இருப்பது வேறு. சில வேளைகளில் ஒன்று மற்றொன்றுக்கு எதிராகவே வேலை செய்கிறது.

ஆனாலும் புகழுக்கு ஊர் உண்டு. அண்ணாவின் 5 ரூபாய் நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. 2024இல் வெளியான கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்தில் "தமிழ் வெல்லும்" என்ற தொடர் பொறிக்கப்பட்டிருக்கிறது. இவற்றைத் தமிழ்நாட்டில் தேடுபவர்கள் வட மாநிலங்களில் தேடுபவர்களைவிட அதிகம் என்பது இயல்பு. அதேபோல் குரு நானக் செட்டை பஞ்சாபிலும், ஜெகந்நாதரின் மரச் சிலையைப் புதிதாக மாற்றும் நபகளேபர விழாவுக்காக 2015இல் வந்த 1,000 ரூபாய் செட்டை ஒடிசாவிலும் பெரிதும் விரும்புகிறார்கள். நமக்கு வேண்டிய தலைவரின் செட்டை நம் ஊரிலேயே வாங்குவதைவிட, வேறு மாநிலத்து வியாபாரியிடமோ ஏலத்திலோ வாங்கினால் மலிவாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

முன்பதிவு முடிந்து பொருள் கைக்கு வருவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் சந்தையில் சரக்கு இல்லாததால் விலை ஏறும்; எல்லோருக்கும் பார்சல் வந்து சேர்ந்தபிறகு, லாபத்துக்காகப் பத்துப் பெட்டி பதிவு செய்தவர்கள் ஒரே நேரத்தில் விற்க வருவதால் விலை இறங்கும். அவசரம் இல்லாதவர் இந்த இறக்கத்துக்குக் காத்திருக்கலாம். இன்னும் எளிய வழி, நாணயச்சாலையின் இணையதளத்தில் நேரடியாகப் பதிவு செய்வது. அங்கே வைத்த விலையும் வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்த தொகைதான் பின்னாளில் எந்த வியாபாரியின் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்க நமக்குக் கிடைக்கும் நம்பகமான அளவுகோல்.

பெட்டியைக் கையில் எடுத்ததும்

நிலையைப் பார்ப்பதற்கு அறை விளக்கு போதாது. ஒற்றை விளக்கின் கீழே, பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸுடன், பெட்டியை மெதுவாக இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். ப்ரூஃபின் கண்ணாடிப் பரப்பில் யாரோ ஒருமுறை துணியால் துடைத்திருந்தால், ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் வெளிச்சம் படும் ஒரு கோணத்தில் மட்டும் கூட்டமாகத் தோன்றி, அடுத்த நொடி மறையும். "பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருக்கிறேன்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அந்தச் செட்டின் விலையில் பாதிக்கு மேல் அப்போதே போய்விட்டதாகவே நான் எடுத்துக்கொள்வேன். விரல் ரேகை பதிந்த இடம் முதலில் தெரியாது. சில ஆண்டுகளில் பழுப்பு நிறத்தில் ரேகை ரேகையாக உலோகத்தையே அரித்துவிடும். கறுப்பு அப்படியல்ல. வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுப்பது இயற்கை. விளிம்பிலிருந்து சீராக நிறம் மாறியிருந்தால் விலையைக் குறைக்கலாம், ஆனால் பயப்பட வேண்டியதில்லை. பச்சையாகப் பிசுபிசுத்தால் மட்டும் கீழே வைத்துவிடுங்கள். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் நெடுநாள் கிடந்த நாணயத்தில் அந்தப் பசை உருவாகிச் செம்புக் கலவையை அரிக்கும்.

செட்டுக்கே உரிய இன்னொரு விஷயம் உண்டு. தனி நாணயம் வாங்குபவருக்கு இது பொருட்டில்லை. வெளி அட்டை, உட்பெட்டி, பிளாஸ்டிக் கூடு, குறிப்பேடு எல்லாம் இருந்தால்தான் அது செட். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நாணயங்கள் பழுதின்றி இருந்தபோதும் செட்டுக்கான கூடுதல் விலை நிற்காது. தரச்சான்று பெற்ற நாணயங்களில் இது ஒரு வினோதமான நிலையை உண்டாக்குகிறது. என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் 70 புள்ளி அளவில் தரம் பிரித்துச் சீல் வைத்த கூட்டில் நாணயத்தைத் தருகின்றன. அந்தக் கூட்டுக்குப் போக நாணயம் தன் பெட்டியை விட்டு வெளியேற வேண்டும். உயர்ந்த புள்ளி கிடைத்தால் அந்தத் தனி நாணயம் முழுச் செட்டைவிட அதிக விலை போகலாம். சாதாரணப் புள்ளி கிடைத்தால் சான்றுச் செலவும் போய், செட்டும் உடைந்துவிடும். சாதாரண நினைவு நாணயம் ஒன்று சீல் வைத்த கூட்டில் இருக்கிறது என்பதற்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்; புள்ளி எவ்வளவு என்பதற்கே கொடுங்கள்.

போலிகளுக்கு எதிராக ஒரு மின்னணுத் தராசும் ஒரு காந்தமும் ஒரு வெர்னியர் அளவியும் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். நாணயத்தைக் கூட்டிலிருந்து எடுக்க விற்பவர் சம்மதித்தால், விளிம்பைப் பிடித்து எடுத்து எடையும் விட்டமும் பாருங்கள். மேலே சொன்ன பாதி வெள்ளி நாணயமானால் 35 கிராம், 44 மில்லிமீட்டர். காந்தம் ஈர்க்கவே கூடாது. விளிம்பில் உள்ள 200 கோடுகளை எண்ண வேண்டாம், அவை ஒரே ஆழத்தில் ஒரே இடைவெளியில் ஓடுகின்றனவா என்று சுற்றிப் பார்த்தால் போதும். வார்த்துச் செய்த போலியில் அவை இடையிடையே மழுங்கியிருக்கும்.

கேட்கும் விலை, விற்ற விலை

இணையத்தில் ஒருவர் 25,000 ரூபாய் என்று போட்டிருப்பது அந்தச் செட்டின் விலை அல்ல, அவருடைய ஆசை. விற்று முடிந்த விலைகளையே பாருங்கள். மும்பையின் டோடிவாலா, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலைகளை வெளியிடுகின்றன. இணையச் சந்தைகளிலும் விற்றவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடியும். ஏல விலையோடு நிறுவனத்தின் கட்டணமும் வரியும் சேரும் என்பதை மறக்காமல் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே செட்டின் மூன்று நான்கு விற்பனைகளை எடுத்து, மிக உயர்ந்ததைத் தள்ளிவிடுங்கள். இரண்டு பேர் பிடிவாதமாக மோதிக்கொண்ட ஏலத்தின் விலை அடுத்த ஏலத்தில் திரும்ப வருவதில்லை.

வைஷ்ணோ தேவி உருவமுள்ள 5 ரூபாய் நாணயத்துக்கு லட்சக்கணக்கில் பணம் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்திகள் வேறு ரகம். ரிசர்வ் வங்கியின் பெயரில் பழைய நாணயங்களுக்குக் கமிஷனும் வரியும் கேட்டு மோசடி நடக்கிறது என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. வாங்குபவர்தான் நமக்குப் பணம் தர வேண்டும்; நம்மிடம் முன்பணம் கேட்டாலே பேச்சை முடித்துவிடலாம்.

இனி அந்தத் தாளை எடுத்து எழுதுங்கள். உதாரணத்துக்கு, 9,000 ரூபாய் சொன்ன அந்த ப்ரூஃப் செட்டில் வெள்ளி 2,625. நாணயச்சாலை அதை விற்ற தொகை வரியோடு 5,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் வெள்ளி போக 2,375 தயாரிப்புக்கும் பெட்டிக்கும் போனது. கடைசியாக நடந்த விற்பனைகள் 6,500 அளவில் இருந்தால், அரிதாக இருப்பதற்கும் ஆர்வத்துக்கும் சந்தை ஒப்புக்கொண்ட தொகை 1,500. வியாபாரியின் வாடகைக்கும் உழைப்புக்கும் நியாயமாக ஒரு 500 கூட்டினாலும் 7,000 ஆகிறது. மீதமுள்ள 2,000 ரூபாய்க்கு அவர் என்ன காரணம் காட்டுகிறார் என்று கேளுங்கள். திறக்காத சீல் என்றோ, அச்சுப் பிழையுள்ள அபூர்வ வகை என்றோ சரிபார்க்கத்தக்க ஒன்றைச் சொன்னால் அதைச் சரிபாருங்கள், இல்லையென்றால் 7,000 என்ற உங்கள் விலையைச் சொல்லுங்கள். அதே செட்டை அன்றே அவரிடம் திருப்பி விற்பதாக இருந்தால் எவ்வளவு தருவார் என்றும் ஒருமுறை கேட்டு வைப்பது நல்லது. அவர் சொல்லும் அந்த எண்ணையும், நாணயச்சாலையின் அசல் ரசீது கிடைத்தால் அதையும், வாங்கிய நாளின் வெள்ளி விலையையும் சேர்த்துப் பெட்டியின் வெளியே ஒரு உறையில் வையுங்கள். உறையை உள்ளே திணித்தால் காகிதத்திலுள்ள கந்தகமும் அமிலமும் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.